மனசுல ஏழு, கையில எட்டு

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சில் கையை வைத்து, "மனசுல ஏழு" என்று சொல்லும். அப்புறம் எட்டு விரலை நீட்டி, எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போய்ப் பதினைந்தில் நிற்கும். திருச்சியானாலும் திருநெல்வேலியானாலும் ஒன்றாம் வகுப்பில் காதில் விழுகிற சத்தம் இதுதான். இரண்டு எண்ணையும் மனசிலேயே சுமக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். ஒன்று மனசில், மற்றது கையில். சின்னப் பிள்ளையின் மனசு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவர்கள் வகுத்த முறை அது. சில பிள்ளைகள் நாம் சொல்லாமலே வரிசையை மாற்றி, பெரிய எண்ணான எட்டை மனசில் போட்டுக்கொண்டு ஏழு விரலை மட்டும் நீட்டும். மடக்க வேண்டிய விரல் ஒன்று குறைகிறதே! அப்படிச் செய்கிற பிள்ளையை நான் தனியாகக் கவனித்து வைத்துக்கொள்வேன்.

தொடக்கப் பள்ளி வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நான். வீட்டுக்கு வருகிற இளம் தாய் தகப்பன்மாரும் புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியர்களும் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள். "சார், பையனுக்கு ஞாபக சக்தி நல்லாத்தான் இருக்கு. பாசுரம் ஒப்பிக்கிறான், சினிமா வசனம் முழுசா சொல்றான். கணக்குன்னா மட்டும் ஏன் சார் முழிக்கிறான்?" அவர்களுக்கும், இன்னும் சில வருஷத்தில் அதே கேள்வியோடு நிற்கப்போகிற உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பாசுரம் சொல்கிற ஞாபகம் வேறு, கணக்குப் போடுகிற ஞாபகம் வேறு. மார்கழியில் பெரிய கோயிலில் அத்யயன உற்சவம் நடக்கிறபோது பகல்பத்து, இராப்பத்து நாட்களில் கோஷ்டியில் நிற்கிற சின்னப் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். நாலாயிரத்தில் பாதியாவது வாயில் இருக்கும். ஒரு அடி அடுத்த அடியைத் தானாக இழுத்துக்கொண்டு வரும்; ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றை வெட்டி ஒட்ட வேண்டிய வேலை அங்கே கிடையாது. கணக்கில் அந்த வேலைதான் முழுக்க.

47-ஐயும் 38-ஐயும் மனக்கணக்காகக் கூட்டச் சொல்கிறோம். இரண்டு எண்ணையும் பிடித்து வைக்க வேண்டும். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தை ஓரமாக வைத்து, கையில் ஒன்று. திரும்பிப் போய் நாலையும் மூன்றையும் தேடி எடுத்துக் கூட்ட வேண்டும், கையிலிருந்த ஒன்றைச் சேர்க்க வேண்டும், எட்டு. ஓரமாக வைத்த ஐந்து அதுவரை அங்கேயே இருந்தால் எண்பத்தைந்து. ஏழும் எட்டும் பதினைந்து என்பது சட்டென்று வராத பிள்ளை இதற்கு நடுவில் விரலை மடக்கி எண்ண ஆரம்பிக்கும். எண்ணி முடிப்பதற்குள் முப்பத்தெட்டு போயே போய்விடும். "என்ன கணக்கு சார் சொன்னீங்க?" என்று அது கேட்கும். "கவனம் எங்கடா இருக்கு?" என்று நாம் கேட்போம்.

1974-இல் ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் மனசின் இந்த வேலைக்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். வொர்க்கிங் மெமரி என்றார்கள். செயல் நினைவு என்று வைத்துக்கொள்வோம். காதில் விழுந்ததை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிடித்து வைக்க ஓர் இடம், கண்ணில் பட்ட உருவத்தை வைத்திருக்க ஓர் இடம், எதைக் கவனிப்பது எதை விடுவது என்று இரண்டையும் மேய்க்க ஒரு மேற்பார்வை. இந்த மாதிரி உடனடி நினைவில் எத்தனை உருப்படி நிற்கும்? 1956-இல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார், கூடக் குறைய இரண்டு. 2001-இல் நெல்சன் கோவன் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சலித்துப் பார்த்து, வளர்ந்தவர்களுக்கே ஏறக்குறைய நாலுதான் தேறும் என்று முடிவு சொன்னார். பெரியவர்களுக்கே நாலு என்றால் ஏழு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும், யோசியுங்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் வட்ட வட்டமாகப் பழைய நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன, கொட்டாரம் என்போம். பாசுரமும் வாய்ப்பாடும் போய்ச் சேர்கிற நினைவு அந்தக் கொட்டாரம். கொட்டக் கொட்டக் கொள்ளும். செயல் நினைவு அதிலிருந்து அளந்து எடுக்கிற மரக்கால். கொட்டாரம் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் ஒரு தடவைக்கு வருவது ஒரு மரக்கால் நெல்தான்.

எல்லாப் பிள்ளைக்கும் மரக்கால் ஒரே அளவு இல்லை என்பதுதான் வகுப்பறையின் பெரிய சிக்கல். இங்கிலாந்தில் சூசன் கேத்தர்கோல், டிரேசி அலோவே என்ற இருவரும் பள்ளிப் பிள்ளைகளிடம் வருஷக்கணக்கில் இதை அளந்து பார்த்தவர்கள். ஏழெட்டு வயசுப் பிள்ளைகள் 30 பேர் இருக்கிற ஒரு வகுப்பில் மூன்று பேருக்காவது நாலு வயசுப் பிள்ளையின் செயல் நினைவு இருக்கும், இன்னொரு மூன்று பேருக்குப் பதினோரு வயசுப் பிள்ளையினுடையது இருக்கும் என்கிறார்கள். ஒரே பெஞ்சில், ஒரே யூனிஃபார்மில். "எல்லாரும் புத்தகத்தை எடுங்க, நாப்பத்திரண்டாம் பக்கம், மூணாவது கணக்கு, நோட்டுல தேதி போட்டு எழுதுங்க" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்த மூன்று பேரும் புத்தகத்தை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. மிச்சம் வழிந்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் சொல்வது பெரும்பாலும் "கவனம் போதாது" என்பதுதான், ஞாபகக் குறைவு என்று நினைப்பது அபூர்வம் என்றும் அந்த இருவரும் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் ரேங்க் கார்டுகளிலும் அந்த வாசகத்தைப் பார்க்கலாம்.

அதற்காகச் செயல் நினைவுதான் கணக்கின் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016-இல் அமெரிக்காவில் 110 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டார்கள். செயல் நினைவுக்கும் கணக்குத் திறனுக்கும் உறவு உண்டு, ஆனால் நடுத்தரமான உறவு. கூட்டல் கழித்தலிலும் வாக்கியக் கணக்கிலும் அது கூடுதலாகத் தெரிந்தது, வடிவியலில் குறைவாக. கூட்டலில் திணறுகிற பிள்ளை கோலத்தின் புள்ளியையும் நெளிவையும் அசராமல் போடுவதை நம் வாசல்களிலேயே பார்க்கிறோமே.

மரக்கால் சின்னதாக இருக்கிற பிள்ளைகளுக்கு நம் பழைய வாத்தியார்கள் என்ன செய்தார்கள்? திருச்சியை ஒட்டிய அதவத்தூர், சோமரசம்பேட்டைப் பக்கம் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவர் சிதம்பரம் பிள்ளை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தகப்பனார். 1815-இல் பிறந்த அந்த மகனின் வித்தையை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். செய்யுளை மனசுக்குள்ளேயே கட்டி, ஏடு எழுதுகிறவருக்குச் சொல்லிக்கொண்டே போவாராம். அவர் தகப்பனார் காலத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் எழுதியது மணலில். விரலால் எழுதும்போதே வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். காதுக்கு ஒரு வழி, கண்ணுக்கு ஒரு வழி, விரலுக்கு ஒரு வழி. எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் இங்கிலாந்தில் மதராஸ் முறை என்று பரப்பினார். நம் சரக்கு கப்பலேறிப் போய்ப் பேர் வாங்கியது. நாம் இங்கே பிள்ளை விரலில் எண்ணினால் கையைத் தட்டிவிடுகிறோம்.

அடுத்தது எண்சுவடி, திண்ணைப் பள்ளியின் வாய்ப்பாட்டுப் புத்தகம். முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. நெல்லுக்கு எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நிலத்துக்குக் குழிமாற்று என்கிற வாய்ப்பாடு. இவ்வளவையும் கொட்டாரத்தில் ஏற்றிவிட்டால், களத்து மேட்டில் நிற்கிறபோது மரக்காலில் வேறெதையும் அடைக்க வேண்டியதில்லை. நடக்கிற கணக்கு மட்டும் அங்கே இருந்தால் போதும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு தமிழ்நாட்டின் இந்தக் கணக்கு மரபைப் பற்றி 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக ஒரு புத்தகம் எழுதினார். திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறும் உருப்போடுதல் என்று ஒதுக்கிவிடக் கூடாது, அது அளப்பதற்கும் கணக்கிடுவதற்கும் ஒரு படிப்பு முறை என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் சம்மதம்தான். நான் படித்தபோது திண்ணைப் பள்ளி போய்விட்டது, மாகாணி வாய்ப்பாடு போகவில்லை. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று இருந்தவரை அதற்கு மவுசு இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்ததும் அது சும்மாவாயிற்று.

மனப்பாடத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று இளைய ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். வாங்கத்தான் செய்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை. வாய்ப்பாட்டை வரிசையாக மட்டும் தெரிந்த பிள்ளையை வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை என்று கணக்கில் வைக்காதீர்கள். ஏழெட்டு எத்தனை என்றால் ஓரேழு ஏழிலிருந்து படியேறிக்கொண்டு வருகிற பிள்ளை, எட்டாவது படிக்கு வருவதற்குள் எதற்காக ஏறினோம் என்பதை மறந்துவிடும். தாறுமாறாகக் கேளுங்கள். ஏழெட்டு, மூவொன்பது, ஆறாறு. அப்புறம் தலைகீழாக: ஐம்பத்தாறு எந்தெந்த எண்ணின் பெருக்கல்? ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் போதும். பிள்ளை அலுத்துப் போவதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.

திண்ணைப் பள்ளியில் இன்னொன்றும் இருந்தது. பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடுகிற கோதண்டமும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏற முடிந்ததும் இல்லை. அதையெல்லாம் மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசுகிற கிழவனாக நான் இருக்க விரும்பவில்லை. பிரம்பின் விஷயம் நம் கணக்குக்கும் நேராகச் சம்பந்தப்பட்டது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் சில எழுத்துகளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி, அதோடு கூட்டல் கணக்கும் கொடுத்தார்கள். கணக்கென்றால் பயப்படுகிறவர்கள், கையில் ஒன்று எடுத்துப் போட வேண்டிய கூட்டல் வந்தபோது மற்றவர்களைவிட அதிகமாகத் தப்பு செய்தார்கள். பயம் ஓர் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. 'தப்பாயிட்டா என்ன ஆகும்' என்கிற எண்ணமும் அதே மரக்காலில்தான் இடம் பிடிக்கிறது. கல்லூரிப் பிள்ளைக்கே அப்படியென்றால், பக்கத்தில் அம்மா கரண்டியோடு நிற்க, அப்பா "சீக்கிரம் சொல்லு" என்று கடிகாரத்தைப் பார்க்க, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மிஞ்சுகிற இடம் எவ்வளவு?

இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளின் சங்கடம் தனி. வாக்கியக் கணக்கை இங்கிலீஷில் படித்து, என்ன கேட்கிறான் என்று தமிழில் புரிந்துகொண்டு, எண்ணைத் தமிழில் கூட்டி, விடையை மறுபடி இங்கிலீஷில் எழுதுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்குத் தொடங்குவதற்கு முன்பே பாதி தீர்ந்துவிடுகிறது. கணக்கை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லிக் காட்டுங்கள். பள்ளிக்கூடம் கோபித்துக்கொள்ளாது; கோபித்துக்கொண்டால் போகட்டும்.

இனி சந்தைக்கு வாருங்கள். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் நாலு முழம் வாங்குகிறீர்கள், முழம் 35 ரூபாய். 500 ரூபாய் நோட்டை நீட்டினால் பூக்காரம்மா ஐந்நூறிலிருந்து நூற்று நாற்பதைக் கடன் வாங்கிக் கழிப்பதில்லை. "நூத்தி நாப்பது... இந்தா பத்து, நூத்தி அம்பது, அம்பது, எரநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு" என்று கையில் வைத்துக்கொண்டே போவார். வழியெல்லாம் மனசில் ஒரே ஒரு எண்தான் இருக்கும், மற்றதெல்லாம் உங்கள் உள்ளங்கையில் ரூபாயாக. காந்தி மார்க்கெட்டில் அதிகாலையில் வெங்காயம் எடை போடுகிறவரும் இப்படித்தான். 302-இலிருந்து 147-ஐக் கழிக்கத் தெரியாமல் அழுகிற பிள்ளைக்கு இந்த வழியைக் காட்டுங்கள். 147-லிருந்து 150-க்கு மூன்று, 300-க்கு நூற்றைம்பது, 302-க்கு இரண்டு. நூற்று ஐம்பத்தைந்து.

ஆனால் சந்தை கற்றுக் கொடுத்துவிட்டால் பள்ளிக்கூடக் கணக்கும் தானே வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே முதலான ஆய்வாளர்கள் கல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்கிற ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2025-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தராசடியில் சிக்கலான கணக்கை மனசிலேயே போட்டுக் காசைச் சரியாகக் கொடுத்த பிள்ளைகள், அதே தரத்துக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் தாளில் கொடுத்ததும் தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாள் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் மூளையில் குறையில்லை. இரண்டு கரைக்கும் நடுவில் பாலம் போடாமல் விட்டது நம் பள்ளிக்கூடம்தான். இதை வாத்தியாராக இருந்தவனே சொல்கிறேன்.

அபாகஸ் வகுப்பு பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. தில்லைநகர் முதல் ஸ்ரீரங்கம் வரை போர்டு தொங்குகிறது. குஜராத்தில் வடோதராவில் டேவிட் பார்னர், மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் சுமார் 200 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, மூன்று வருஷம் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மனசுக்குள் மணிச்சட்டத்தை உருட்டக் கற்ற பிள்ளைகளுக்குக் கணக்கு கொஞ்சம் முன்னேறியது. செயல் நினைவு பெரிதாகவில்லை. ஆரம்பத்திலேயே உருவங்களை மனசில் வைத்திருக்கும் திறன் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் லாபம் அதிகம். ஆக, பிள்ளை ஆசைப்பட்டால் அனுப்புங்கள். ஞாபக சக்தி வளரும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதற்காக அனுப்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் ஞாபக விளையாட்டு ஆடவைத்து மூளையைப் பெருக்குகிறோம் என்கிற கோர்ஸ்களும் அப்படியே. மோனிகா மெல்பி-லெர்வாக், சார்லஸ் ஹியூம் என்ற இருவரும் 2013-இல் அந்தச் சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் அந்த விளையாட்டில் தேறினார்கள், கணக்கில் தேறவில்லை. மரக்காலைப் பெருக்க முடியும் என்று சொல்லி விற்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

விரலுக்குத் திரும்பி வருகிறேன். சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் தெவனோ குழு, ஐந்தாறு வயசில் விரல் விட்டு எண்ணாத பிள்ளைகளுக்கு விரலால் கூட்டச் சொல்லிக் கொடுத்தது. சரியான விடைகள் 37 சதவீதத்திலிருந்து 77 சதவீதத்துக்குப் போயின. விரலைப் பிடுங்காதீர்கள். பதினைந்து என்று சட்டென்று வர ஆரம்பித்ததும் விரல் தானாக மடங்கிக்கொள்ளும். அதுபோலத்தான் ரஃப் நோட்டும். "மனசுலயே போடு, எழுதாதே" என்பது கெட்டிக்காரப் பிள்ளைக்கு விளையாட்டு. திணறுகிற பிள்ளைக்குத் தண்டனை. ஓரத்தில் அந்த ஐந்தை எழுதி வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் முதலில், பிறகு நாலும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அந்தந்த நிலைக்கு வேண்டியதைக் கொடுக்கிறார்கள். முப்பது பேருக்கும் ஒரே அளவு என்கிற பழைய பழக்கத்தை அதிகாரபூர்வமாக விட்டது அதில் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் என்னிடம் வந்த ஒரு தகப்பனார், "என் பொண்ணை அரும்புல போட்டுட்டாங்க சார், டீச்சர்கிட்ட பேசி மலருக்கு மாத்தணும்" என்றார். மாற்றச் சொல்லாதீர்கள். உங்கள் கௌரவத்துக்காகப் பிள்ளையின் தலையில் கூடுதலாக ஏற்றச் சொல்கிறீர்கள். அரும்பில் இருக்கிற பிள்ளைக்கு இப்போது வேண்டியது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்கிற பெரியவர், எழுதி அழிக்க ஒரு சிலேட்டு, எண்ணுவதற்குக் கொஞ்சம் புளியங்கொட்டை. டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் ஆறு மாசம் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் எண்ணே பிடிபடவில்லை என்றால் பிள்ளையைத் திட்டாமல், வகுப்பு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.